வேலாயுதன் அண்ணனுக்குக் கேட்காத பெல்

வேலாயுதன் அண்ணனுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார் ஒருவர். யார் மனமும் நோகும்படி வாய் திறக்காதவர் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவரைத் துறவி என்றே சொல்லிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சரோஜினி அக்கா, கணவரின் கூட்டம் என்று நினைத்து வேறு யாருடைய கூட்டத்துக்கோ வந்துவிட்டவரைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என்னையும் கூப்பிட்டார்கள். "எழுத்தாளரும், மறைந்தவரின் கண்டக்டருமான" என்று அறிமுகம் செய்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. நான் பேசத் தொடங்கும்போது கூட்டம் கலைவது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் மின்சார வாரியமே சேர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தபோது, இப்போது பணியில் இருக்கும் பையன்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் பொத்தானை அமுக்கினால் பெல், காற்றடித்தால் கதவு. "கயிறு இழுத்துப் பெல் அடிச்ச காலத்துல வல்லதும் நடந்திட்டுண்டா சாறே?" என்றார்கள். ஏதாவது நடந்ததா என்று கேட்கிறார்கள். நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மகாராஜா காலத்திலிருந்து அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எம்.ஏ. பட்டத்தோடு வீட்டில் பல வருடம் இருந்த பிறகு, எனக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை வந்தது. "உக்காந்து எழுதின வம்சத்துல நின்னு கிழிக்க ஒருத்தன்" என்று என் மாமா வாழ்த்தினார். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓடாத பஸ்ஸில், ஏறாத பயணிகளுக்கு, இல்லாத டிக்கெட்டைக் கிழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் நான் நன்றாகத் தேறினேன்.

ஓடுகிற பஸ் வேறு. மலையாள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையிலிருந்து உச்சக்கடை, குளத்தூர் வழியாகப் பூவாறு கடற்கரைக்குப் போகிற வண்டியில் என்னைப் போட்டார்கள். கல்யாணக் கூட்டம், வாழைக்குலை, மீன்சட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வண்டியில். ஒரு இருக்கையில் மலையாளத்தில் தொடங்குகிற சண்டை அடுத்த இருக்கையில் தமிழில் முடியும். டிரைவர் வேலாயுதன் அண்ணன். அப்போதே நரைத்த மீசை, நரைக்காத வாய்.

முதல் நாள், முதல் நிறுத்தம். எல்லாரும் ஏறியதும் கூரையோடு ஓடுகிற கயிற்றைப் பயந்து பயந்து இரண்டு முறை இழுத்தேன். வண்டி நகரவில்லை. மறுபடியும் இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எலே மக்கா, கோயில்லயா மணி அடிக்கா? சாமிக்கு மெள்ள அடிச்சாலும் கேக்கும். நான் தூரத்துலயாக்கும் இருக்கேன்."

வண்டி முழுவதும் சிரித்தது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: ஒற்றைப் பெல் அடித்தால் நிற்க வேண்டும், இரட்டைப் பெல் அடித்தால் போக வேண்டும். இரட்டைப் பெல்லை அடிக்க வேண்டியவன் கண்டக்டர் மட்டும். அடிக்கும் முன்னால் பின்படியைப் பார்க்க வேண்டும். வண்டியை நகர்த்துகிறவர் டிரைவர் என்றுதான் ஊர் நினைக்கும். சட்டப்படி நகர்த்துகிறவன் பின்னால் நிற்கிற கண்டக்டர்.

ஆனால் எங்கள் பக்கத்து மக்களுக்குச் சட்டத்தைவிட உதவும் குணம் அதிகம். கண்டக்டர் முன்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், பின்படிக்கருகே நிற்கிற ஒரு மாமா, "ஆளு எறங்கியாச்சு, போட்டே" என்று தானே கயிற்றை இழுத்துவிடுவார். அதை யாரும் தவறு என்று நினைப்பதில்லை. பந்தியில் பக்கத்து இலைக்குச் சாம்பார் கேட்பதைப் போல அது ஒரு மரியாதை. வேலாயுதன் அண்ணனுக்கு மட்டும் அது பிடிக்காது. என் கை எது, மாமாக்களின் கை எது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மாமா பெல்லுக்கு வண்டி அசையாது. "என் கண்டக்டரு சொல்லட்டு" என்று ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருப்பார்.

அவருடைய வாயைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம், கள்ளு நன்றாக ஏறியிருந்த ஒருவர் முன்னால் வந்து நின்று, "வண்டி பூவாறுக்குப் போவுமா?" என்று கேட்டார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீரு ஏறாட்டா பூவாறுக்குப் போவும். ஏறினா ஆஸ்பத்திரிக்குப் போவும். எங்க போவணும், சொல்லும்." அந்த மனிதர் வெகுநேரம் யோசித்து, "நான் நடந்து போறேன்" என்று மிகுந்த மரியாதையோடு கைகூப்பிவிட்டுப் போனார்.

இன்னொரு நாள், கூட்டத்தில் காலை மிதித்துவிட்டேன் என்று ஒரு முரட்டு ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். நான் படித்த புத்தகங்கள் எதிலும் அந்த நிலைமைக்கு வழி சொல்லப்பட்டிருக்கவில்லை. அண்ணன் என்ஜினை நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து பின்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. கண்டக்டரு கழுத்து கிடைச்சா வண்டி போவும். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இருந்தவர்கள் உள்ளே ஐம்பது பேர். காலரை யார் விடுவித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆள் அடுத்த நிறுத்தம்வரை ஒற்றைக்காலில் மூலையில் நின்று வந்தான்.

அந்தக் காலத்தில்தான் நான் எழுதத் தொடங்கியிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில், வாயாடி டிரைவர் ஒருவரைப் பற்றிய என் நகைச்சுவைக் கட்டுரை வந்தது. அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். டிப்போவுக்கு எதிரே சாயாக்கடையில் உட்கார்ந்து நானே உரக்க வாசித்துக் காட்டினேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த டிரைவரு இவ்வளவு பேசுகானே, வண்டி எப்ப ஓட்டுகான்?"

"கதைக்காக அண்ணே."

"அந்த மீன்காரி காரியம் நான் சொல்லவே இல்லியே."

"கொஞ்சம் கூட்டிச் சொல்றதுதான்."

"அப்ப பொய்யி."

"பொய் இல்ல அண்ணே, கலை."

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். "செரி. என்னைக்காவது கோர்ட்டுல கேட்டா, அது கலைன்னே சொல்லுகேன்" என்றார்.

என் பிரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தபோது அது நடந்தது. குளத்தூர் நிறுத்தம், காலை நேரம். ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் மொத்தமாக ஏறியிருந்தது. நான் முன்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்படியை நோக்கி நகர ஆரம்பிப்பதற்குள் இரட்டைப் பெல் கேட்டது. என் கை இல்லை. வழக்கமாக அந்தப் பெல்லுக்கு அசையாத வண்டி அன்று அசைந்தது. ஒரு முழம், இரண்டு முழம். பின்னால் அலறல். அண்ணன் உடனே பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். ஆனால் செல்லையன் என்ற வயதான மனிதர் படியிலிருந்து ரோட்டில் விழுந்து கிடந்தார். வலது கால் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில்தான் போனோம். யாரும் அண்ணனைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. நிச்சயதார்த்தக் கூட்டமும் கூடவே வந்தது. பெண் வீட்டில் எல்லாரும் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அன்று அவர் ஏன் வண்டியை எடுத்தார் என்று பல வருடம் கழித்துக் கேட்டிருக்கிறேன். "அது உன் கை மாதிரி இருந்தது மக்கா" என்றார். அவ்வளவுதான்.

விசாரணை வந்தது. விதி தெளிவானது. பெல் இல்லாமல் வண்டியை எடுத்தால் டிரைவரின் குற்றம். வேறு யாரோ பெல் அடித்து வண்டி நகர்ந்தால், பின்படியைக் கவனிக்காத கண்டக்டரின் குற்றம். டிரைவர் நிரந்தர ஊழியர். சம்பள உயர்வு ஒன்று போகும், சில மாதம் ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள். பிரொபேஷனில் இருக்கிற கண்டக்டருக்கு ஒரு கையெழுத்து போதும், வீட்டுக்குப் போகலாம். அப்போது என் மகளுக்கு வயது ஒன்று. என் மாமாவுக்கு நான் உட்கார்ந்தும் எழுதவில்லை, நின்றும் கிழிக்கவில்லை என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.

விசாரித்தவர் எங்கள் டிப்போ அதிகாரி. ஏ.டி.ஓ. சார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை; அதனால்தான் பயம். சாட்சி வந்து உட்கார்ந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் தள்ளுவார். குடித்து முடிக்கும்வரை பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். பிறகு கேள்வி. பதில் வந்ததும் அதை அப்படியே எழுதமாட்டார். முதலில் சுத்தமான அரசாங்க மலையாளத்துக்கு மாற்றி உரக்கச் சொல்வார், நாம் தலையாட்டியபின்தான் குமாஸ்தா எழுத வேண்டும். நாம் உளறியது அவர் வாயிலிருந்து வரும்போது அரசிதழில் வந்ததைப் போல இருக்கும். அதைக் கேட்டு, செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் நான். நடந்ததைச் சொன்னேன். பெல் பின்னாலிருந்து வந்தது, அடித்தது யார் என்று பார்க்கவில்லை, நான் முன்னால் இருந்தேன். நான் வீரன் இல்லை. ஆனால் அண்ணன் பெல் இல்லாமல் எடுத்தார் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவர் பின்னால் நின்று கயிற்றை எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அவர். அதிகாரி என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அண்ணன் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"பெல் கேட்டதா?" என்றார் அதிகாரி.

"இல்ல சாறே. பெல்லே அடிக்கல்ல. நான் சும்மா எடுத்தேன்."

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "'மணியோசை எதுவும் எழாத நிலையில், என் சொந்தத் தீர்மானத்தின் பேரில் வாகனத்தை முன்னோக்கி இயக்கினேன்.' சரிதானே?"

"அவ்வளவு நல்லா நான் எடுக்கல்ல சாறே."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பென்சில் முனையைப் பார்த்தார்.

"வேலாயுதா, கண்டக்டர் பெல் இல்லாம வண்டி எடுக்காத ஆளுன்னு உன்னைப் பற்றி ஒரு பேர் உண்டே."

"உண்டு சாறே. அண்ணைக்கு அந்தப் பேரை வீட்டுல வச்சிட்டு வந்தேன்."

"உன் கண்டக்டரே பெல் கேட்டுதுன்னு சொல்றாரு."

"அவன் சொல்லுவான் சாறே. அவன் கதை எழுதுகவனாக்கும்."

நான் எழுந்துவிட்டேன். "சார், இவர்..."

"இரு மக்கா" என்றார் அண்ணன், அதிகாரியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சாறே, பத்திரிகையில என்னைப் பத்தி எழுதியிருக்கான். நான் சொல்லாததெல்லாம் சொன்னேன்னு போட்டிருக்கான். கேட்டா, பொய்யி இல்ல, கலைங்கியான். அடிக்காத பெல்லை அடிச்சதா எழுததுக்கு இவனுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? வேணும்னா வாங்கி வாசிச்சுப் பாருங்க சாறே."

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது" என்றார் அதிகாரி.

"எனக்கும் வராது. இவனே வாசிச்சுக் காட்டுவான். ஆசைப்பட்டு வாசிப்பான்."

முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் என் நடையைப் பற்றி அவ்வளவு ஆழமான விமர்சனம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பொதுவாக அந்த அறையில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவதை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார். "உட்காருங்கள்" என்றார். பிறகு செல்லையனை அழைத்துவரச் சொன்னார்.

அன்று வண்டியில் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர் விழுந்தவர் மட்டும்தான். ஆட்டோவில் வந்து, மாவுக்கட்டுக் காலோடு, மச்சினன் தாசன் தாங்கிப் பிடிக்க உள்ளே வந்தார். தண்ணீர் குடித்தார். நான் கொஞ்சம் நிம்மதியானேன். இறங்கிக்கொண்டிருந்த மனிதருக்குத் தலைக்கு மேலேதான் கயிறு. அவர் சொல்லிவிடுவார்.

"பெல் கேட்டீர்களா?"

செல்லையன் தன் காலைப் பார்த்தார். "பெல்லு ஒண்ணும் கேக்கல்ல சாறே. வண்டி தன்னால எடுத்தது."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"கால் ஒடிஞ்சவன் நானாக்கும். எனக்கு மறக்குமா?"

அந்த அறையில் உண்மை பேசியவன் நான் ஒருவன்தான். நம்பப்படாதவனும் நான் ஒருவன்தான். அதிகாரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலை மேசைமேல் வைத்தார். "'மணியோசை எழவில்லை'" என்று குமாஸ்தாவிடம் மெதுவாகச் சொன்னார். அவருடைய மலையாளம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

வராந்தாவில் தாசன் ஓடிவந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், குழந்தையைப் போல அழுதார்.

"அத்தான் எறங்கியாச்சுன்னு நினைச்சேன் அண்ணே. கூட்டத்துல தெரியல்ல. நானாக்கும் பெல்லை இழுத்தது. அக்காகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"மிண்டாத இருடா, வாயைத் தொறக்காத" என்றார் செல்லையன், ஆட்டோவில் ஏறிக்கொண்டே. "உனக்க அக்காளுக்குத் தெரிஞ்சா எனக்க மற்றக் காலையும் ஒடிப்பா. மச்சினனை வண்டியில கூட்டிட்டு வந்ததுக்கு."

ஆட்டோ போனபிறகு நான் அண்ணனைக் கேட்டேன். தினமும் டியூட்டி முடிந்து அவர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க அவருகிட்டச் சொல்லிக்கொடுத்தீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல."

"பின்ன தினமும் என்னத்துக்குப் போனீங்க?"

"கஞ்சி கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில வைக்க முடியாது. சரோஜினி கஞ்சியும் அப்படித்தான், ஆனா தொடுகறி உண்டு." பிறகு நடந்துகொண்டே, "அவரு மச்சினனைக் காப்பாத்தினாரு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

"நீங்க என்னைக் காப்பாத்தினீங்க."

"எலே, நீ வீட்டுக்குப் போனா முழுநேரமும் எழுதுவ. தமிழ் வாசிக்கவங்களைப் பத்தியும் ஒருத்தன் யோசிக்கண்டாமா?"

என் பணி உறுதியான உத்தரவும் அவருடைய தண்டனை உத்தரவும் ஒரே நாளில், ஒரே பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. அவருக்கு ஒரு சம்பள உயர்வு நிறுத்தம். அடுத்த உத்தரவு வரும்வரை டிப்போவுக்குள் மட்டும் வேலை. வந்து நிற்கிற வண்டிகளைக் கழுவும் இடத்துக்கும் டீசல் பம்புக்கும் பட்டறைக்கும் மாற்றி மாற்றி விடுவது. கடற்கரை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டிய மனிதருக்கு ஒரு மதில்சுவருக்குள் முதல் கியரும் பின் கியரும்.

அவர் அதைப் பற்றி ஒருமுறைகூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "நல்ல வேலையாக்கும். ஒரு யாத்திரக்காரனும் குறை சொல்லமாட்டான்" என்பார். ஆனால் எங்கள் வண்டி ரோட்டுக்குக் கிளம்பும்போது, புது டிரைவர் கேட்டைத் தாண்டும்வரை, அவர் வேறு பக்கம் திரும்பி ஏதாவது ஒரு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்னால் நின்று, தகரத்தில் கையால் தட்டி இடம் சொல்ல வேண்டும். அது கண்டக்டரின் வேலை. டிப்போவுக்குள் அதற்கு ஆள் கிடையாது. அவரவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். என் டியூட்டி மத்தியானத்தில் முடியும். கணக்கை ஒப்படைத்துவிட்டு நேரே போய் அவர் எடுக்கிற வண்டியின் பின்னால் நின்றேன். தட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டியைப் பின்னால் விட்டார். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். சட்டைக் கையெல்லாம் கரி. வீட்டில் என் மனைவி, உறுதியான வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஏ.டி.ஓ. சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். டீசல் நாற்றத்துக்குள் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் தட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றார்.

"வேலாயுதா, இவருக்கு டியூட்டி முடிஞ்சாச்சில்லே? இங்க என்ன வேலை?"

அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"வேலை உறுதியான சந்தோஷத்துல நிக்கியான் சாறே. சந்தோஷம் குறைஞ்சா தன்னால போவான்."

அதிகாரி வண்டியின் பின்பக்கம் வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இடதுபக்கம் தூண் உண்டு. பார்த்துச் சொல்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வேலாயுதன் அண்ணனுக்கு ரோடு திரும்பக் கிடைக்கிறவரைக்கும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை.